பழைய ஆங்கிலம் வாசிக்கும்போது எளிய சொற்களைத்தான் சந்தேகப்பட வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது: "கிங் ஜேம்ஸ் பைபிளையும் ஷேக்ஸ்பியரையும் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். கடினமான சொல் வந்தால் அகராதியைப் பார்த்துவிடுகிறேன். ஆனால் எல்லாச் சொல்லும் தெரிந்த வரிகளே பல இடங்களில் புரிவதில்லை. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? அதில் எதை எடுத்துக்கொள்வது? 'தௌ' என்பது மரியாதைச் சொல்லா?"

நீங்கள் தடுமாறும் இடத்தை நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். தெரியாத சொல்லால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் 'ஃபார்டல்' என்று வருகிறது. யாருக்கும் தெரியாது, அகராதியைத் திறந்தால் 'சுமை, மூட்டை' என்று இருக்கும், வேலை முடிந்தது. தெரிந்த சொல்லை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அது 400 வருஷத்துக்கு முன் வேறு வேலை பார்த்திருக்கும் என்ற எண்ணமே வராது. அதனால் வரி தப்பாகப் புரியும், தப்பாகப் புரிந்தது என்பதும் தெரியாது.

'லெட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாடகத்தின் முதல் அங்கத்தில், இறந்துபோன தந்தையின் ஆவி ஹாம்லெட்டைத் தனியே வரச்சொல்லிக் கையசைக்கிறது. கூட இருக்கும் ஹொரேஷியோவும் மார்செல்லஸும் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். ஹாம்லெட் அவர்களை உதறிவிட்டுச் சொல்கிறான்: 'ஐ'ல் மேக் எ கோஸ்ட் ஆஃப் ஹிம் தட் லெட்ஸ் மி'. இன்றைய ஆங்கிலத்தில் வாசித்தால் 'என்னைப் போகவிடுகிறவனைக் கொன்று ஆவியாக்கிவிடுவேன்' என்று வரும். நடக்கிற காட்சிக்கு நேர் எதிர். அவன் சொல்வது 'என்னைத் தடுக்கிறவனை'.

ஒரே சொல்லுக்கு 'அனுமதி', 'தடு' என்று எதிரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது? அது ஒரே சொல் இல்லை, அதுதான் காரணம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரண்டு தனி வினைகள் இருந்தன. ஒன்று 'லேட்டன்': விடு, அனுமதி. இன்னொன்று 'லெட்டன்': தாமதப்படுத்து, தடு. இரண்டாவது, தாமதத்தைக் குறிக்கும் இன்றைய 'லேட்' என்ற சொல்லின் உறவு. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்தன, உயிரெழுத்துகள் மாறின, இரண்டும் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடின. பிறகு 'தடு' என்ற பொருள் மெல்லப் பேச்சிலிருந்து விலகிவிட்டது.

ஆனால் முழுதாகப் போய்விடவில்லை. உங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் திறந்து பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் எழுதப்பட்ட வாசகத்தில், இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிட வேண்டும் என்று இருக்கும். தடையோ இடையூறோ இல்லாமல் என்று பொருள். ஹாம்லெட் சொன்ன அதே 'லெட்' தான், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாசகத்திலிருந்து நமக்கு வந்தது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதையும் இந்தச் சொல்லோடுதான் சேர்த்துச் சொல்வார்கள்.

'க்ளீவ்' என்பதும் இதே கதைதான். ஒட்டிக்கொள் என்றும் பிள என்றும் இரண்டு பொருள். இரண்டு வெவ்வேறு பழைய வினைகள் ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன. ஆதியாகமம் 2:24-ல் கணவன் மனைவியோடு 'க்ளீவ்' ஆவான் என்று வருகிறது. சங்கீதம் 78:15-ல் கடவுள் வனாந்தரத்துப் பாறைகளை 'க்ளேவ்' செய்தார் என்று வருகிறது, அது அதன் இறந்தகாலம். தமிழ் வேதாகமத்தில் முதல் இடத்தில் 'இசைந்திருப்பான்', இரண்டாம் இடத்தில் 'பிளந்து'. குழப்பத்துக்கு இடமே இல்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதே இதைத்தான். பழைய ஆங்கில பைபிளை வாசிக்கும் தமிழருக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் எபிரேய, கிரேக்க மூலங்களைப் பார்த்து மொழிபெயர்க்கப்பட்டது. இப்போது பழைய மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்லும் பதிப்பு, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வந்ததை அடிப்படையாகக் கொண்டது. கிங் ஜேம்ஸ் பதிப்பு 1611. இரண்டும் ஒரே மூலத்துக்குப் போகின்றன. அதனால் ஆங்கிலச் சொல் இன்று வேறு பக்கம் போய்விட்ட இடங்களில் தமிழ் வரி பழைய பொருளை நேராகக் காட்டிவிடும்.

சில இடங்களைச் சேர்த்துப் பார்ப்போம். லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்ற காணிக்கை வருகிறது. இறைச்சி என்று நினைத்து வாசித்தால் மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம் என்று போகும், இறைச்சியே வராது. தமிழில் அது 'போஜனபலி'. அந்தக் காலத்து 'மீட்' என்றால் உணவு, எந்த உணவானாலும். ஆதியாகமம் 1:29-ல் விதை தரும் பூண்டுகளும் கனிமரங்களும் மனிதனுக்கு 'மீட்' ஆகக் கொடுக்கப்படுகின்றன. தமிழில் 'ஆகாரம்'. நம் ஊர் மிட்டாய்க் கடைப் பலகைகளில் இன்னும் அங்கங்கே பார்க்கிற 'ஸ்வீட்மீட்' என்பதில் இருப்பதும் இந்தப் பழைய 'மீட்' தான்.

'ப்ரிவென்ட்' இன்னொன்று. 1 தெசலோனிக்கேயர் 4:15-ல், உயிரோடிருக்கும் நாம் தூங்கிப்போனவர்களை 'ப்ரிவென்ட்' செய்யமாட்டோம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இறந்தவர்களை எதற்கு யார் தடுக்கப்போகிறார்கள்? தமிழைப் பாருங்கள்: 'முந்திக்கொள்வதில்லை'. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முன்னால் வருதல் என்றுதான் பொருள். ஒருவருக்கு முன்னால் போய் நின்றால் அவர் வழி அடைபடும், அப்படித்தான் பிறகு அது 'தடு' என்று ஆனது. சங்கீதம் 119:147-ல் 'விடியலை ப்ரிவென்ட் செய்தேன்' என்று வருவதும் இந்தக் கணக்குத்தான். விடியலுக்கு முன்பே எழுந்தேன் என்கிறார்.

'சஃபர்' என்ற சொல்லை வைத்து எத்தனையோ பேர் குழம்பியிருக்கிறார்கள். குழந்தைகளைப் பற்றி இயேசு சொல்லும் புகழ்பெற்ற வாசகம் 'சஃபர்' என்று தொடங்குகிறது. குழந்தைகள் துன்பப்பட வேண்டும் என்று அர்த்தமா? தமிழில் 'இடங்கொடுங்கள்' (மாற்கு 10:14). கீழே நின்று தாங்குதல், பொறுத்தல், சரி விடு என்று அனுமதித்தல் என்று அந்தச் சொல் நகர்ந்த பாதை அது. இன்று அதில் துன்பம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1 பேதுரு 3:1. விசுவாசமில்லாத கணவர்கள் வசனம் இல்லாமலேயே மனைவியரின் 'கான்வர்சேஷன்' மூலம் வென்றெடுக்கப்படுவார்கள் என்கிறது ஆங்கிலம். பேச்சே இல்லாமல் பேச்சாலா? தமிழில்: 'போதனையின்றி, மனைவிகளின் நடக்கையினாலேயே'. 1611-ல் 'கான்வர்சேஷன்' என்றால் பிறரோடு சேர்ந்து வாழும் விதம், நடத்தை. இங்கிலாந்துச் சட்டத்தில் 'கிரிமினல் கான்வர்சேஷன்' என்ற வழக்கே இருந்தது. மனைவியோடு தவறான உறவு வைத்தவன்மேல் கணவன் நஷ்டஈடு கேட்டுப் போடும் வழக்கு அது. 1857-ல்தான் அங்கே அதை ஒழித்தார்கள். பழைய நாவலில் அந்தச் சொற்றொடரைக் கண்டால் அரட்டையைப் பற்றியது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு மொழிபெயர்ப்பும் தனித்தனியானவை. ஒவ்வொரு சொல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரியின் பொருளைப் பிடிக்கத்தான் தமிழ். சொல்லின் பொருளை உறுதி செய்ய அகராதிக்குத்தான் போக வேண்டும்.

காலத்தைக் குறிக்கும் சொற்களில் ஒரு வேடிக்கையான ஒழுங்கு இருக்கிறது. 'ப்ரெசன்ட்லி' என்றால் இன்று 'சற்று நேரத்தில்' அல்லது 'தற்போது'. மத்தேயு 21:19-ல் அத்திமரம் 'ப்ரெசன்ட்லி' பட்டுப்போனது என்றால், தமிழில் 'உடனே'. 'பை அண்ட் பை' என்றால் இன்று 'போகப் போக'. மாற்கு 6:25-ல் ஏரோதியாளின் மகள் யோவான்ஸ்நானனின் தலையை 'பை அண்ட் பை' கேட்கிறாள், அவசரமாக உள்ளே வந்து. தமிழில் 'இப்பொழுதே'. அதே வரியில் தலையை வைத்துத் தரச்சொல்லும் 'சார்ஜர்' என்பது பெரிய தட்டு, தமிழில் 'தாலம்'. 'அனான்', 'சூன்' என்ற சொற்களும் ஆதியில் 'உடனே' என்றுதான் இருந்தன. நான்கும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. 'இதோ உடனே' என்று சொல்லிவிட்டு நேரம் எடுத்துக்கொள்வது எந்த ஊரிலும் உள்ளதுதானே. சொல்லைக் கேட்பவர்கள் அந்தத் தாமதத்தையும் சேர்த்தே பொருளாக எடுத்துக்கொண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரையிலான எழுத்தில் இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் 'உடனே' என்று வைத்துப் பாருங்கள், பல இடங்களில் பொருந்தும்.

சில சொற்கள் பரந்த பொருளிலிருந்து ஒடுங்கின. 'டீர்' என்றால் ஒரு காலத்தில் எந்த விலங்கும். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் எலி, சுண்டெலி, 'அப்படிப்பட்ட சின்ன டீர்' என்று ஒரு வரி வருகிறது. எலி அளவில் மான் எங்கே இருக்கிறது? சின்னப் பிராணிகள் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவான 'டியர்' இன்றும் பொதுவாக விலங்கைத்தான் குறிக்கிறது. 1066-ல் நார்மன்கள் வந்த பிறகு பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்', இன்னும் பிறகு 'அனிமல்' வந்து பொது இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய சொல், வேட்டைக்காரர்கள் அதிகம் தேடிய ஒரே விலங்கோடு நின்றுவிட்டது. 'ஹவுண்ட்' எல்லா நாயையும், 'ஃபௌல்' எல்லாப் பறவையையும் குறித்த காலம் உண்டு. 'ஸ்டார்வ்' என்றால் வெறுமனே சாதல். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், கிறிஸ்து சிலுவையில் மரித்ததைச் சொல்ல அந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார், பட்டினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'கேர்ல்' என்றால் அவர் காலத்தில் பையனாகவும் இருக்கலாம்.

இன்னொரு கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். 'வில்லன்' என்பவன் யார்? பண்ணையில் வேலை செய்த குடியானவன், அவ்வளவுதான். 'வில்லா' என்ற பண்ணைவீட்டுச் சொல்லிலிருந்து வந்த பெயர். 'பூர்' (boor; ஏழையைக் குறிக்கும் சொல் இல்லை) உழவனைக் குறித்தது, இன்று நாகரிகமற்றவன். 'சர்ல்' சாதாரணக் குடிமகன், இன்று முரடன். 'நேவ்' ஒரு சிறுவன், பிறகு வேலைக்காரப் பையன், பிறகு அயோக்கியன். எழுதத் தெரிந்தவர்களும் எழுதவைக்கப் பணம் இருந்தவர்களும் நிலம் வைத்திருந்தவர்கள், மடத்தில் இருந்தவர்கள். உழைக்கிறவனின் பெயரெல்லாம் அவர்கள் கையில் வசையாகிவிட்டது. எதிர்த்திசையில் ஏறிப்போன சொல்லும் உண்டு. 'நைட்' (knight; இரவு இல்லை) என்றால் முதலில் பையன், ஏவலாள். அவன் அரசனின் குதிரைவீரன் ஆனதும் சொல்லும் கூடவே உயர்ந்தது.

'சில்லி' இறங்கிய படிகளைப் பாருங்கள்: பாக்கியம் பெற்றவன், கள்ளமில்லாதவன், பாவப்பட்டவன், பலமில்லாதவன், கடைசியில் முட்டாள். ஷேக்ஸ்பியர் 'சில்லி ஷீப்' என்று எழுதும்போது அது நடுப்படியில் நிற்கிறது, பாவப்பட்ட ஆட்டுமந்தை என்று பொருள். 'நைஸ்' இதற்கு மறுபக்கம். லத்தீனில் 'அறியாதவன்' என்ற இடத்தில் தொடங்கி, முட்டாள், அதிகம் அலட்டிக்கொள்கிறவன், நுணுக்கமானவன் என்று சுற்றி, 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' என்று வந்து சேர்ந்தது. பழைய கட்டுரைகளில் 'நைஸ் டிஸ்டிங்க்ஷன்' என்றால் அழகான வேறுபாடு இல்லை, மயிரிழை வேறுபாடு.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்த அரசர் 'ஆஃபுல், ஆர்ட்டிஃபிஷியல்' என்று பாராட்டினார், இன்று கேட்டால் 'மோசம், செயற்கை', அன்று அதற்குப் பொருள் 'பிரமிக்கவைக்கிறது, கலைநயமானது' என்று ஒரு கதை அடிக்கடி சுற்றும். சொற்களின் பழைய பொருள் சரிதான். ஆனால் கதையில் அரசர் ஒவ்வொருவர் சொல்லும்போதும் மாறுகிறார், ஒருவர் சார்லஸ் என்பார், ஒருவர் ஜேம்ஸ் என்பார், ஒருவர் ஆன் ராணி என்பார். அதை நான் யாருக்கும் ஆதாரமாகக் காட்டமாட்டேன்.

இதெல்லாம் இலக்கியத்துக்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். வாடகைப் பத்திரம், குத்தகைப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் இந்தப் பழைய பொருள்கள் இன்றும் உயிரோடு உங்கள் பணத்தைத் தொடும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 111: குத்தகை 'டிட்டர்மின்' ஆவது எப்படி என்று பட்டியலிடுகிறது. தீர்மானிப்பது என்று வாசித்தால் ஒன்றும் விளங்காது. சட்டத்தில் அதற்கு 'முடிவுக்கு வருதல்' என்று பொருள். எல்லை போடுவது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். 'டிமைஸ்ட் ப்ரெமிசஸ்' என்று எழுதியிருந்தால் யாரும் சாகவில்லை, குத்தகைக்கு விடப்பட்ட இடம் என்று பொருள். 'டிமைஸ்' என்றால் உரிமையை மாற்றிக்கொடுத்தல். அரசர் இறந்தால் முடியுரிமை அடுத்தவருக்கு மாறுகிறது, அந்த வழியாகத்தான் அது மரணத்துக்கும் பெயரானது. குத்தகை என்பது சொத்தை 'என்ஜாய்' செய்யும் உரிமை என்று பிரிவு 105 சொல்கிறது. இது கொண்டாட்டம் இல்லை. நம் தமிழ்ப் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்து' என்று எழுதுகிறோமே, அந்த அனுபவம். 'மிஸ்சீஃப்' என்றால் குழந்தையின் குறும்பு என்று நினைப்போம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 425-ல் அது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றமாக இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே பெயரோடுதான் இருக்கிறது.

சரி, இருபது முப்பது பொருளில் எதை எடுப்பது? முதலில் அந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற ஒரே வினைக்கு 430 பொருள் பிரித்திருக்கிறார்கள். அத்தனையும் ஒரே காலத்தில் ஒரே மனிதன் வாயில் இருந்தவை அல்ல. அந்த அகராதி கட்டப்பட்ட முறையே அப்படி. 1857-ல் லண்டனில் பேச்சு தொடங்கி, 1879-ல் ஜேம்ஸ் மர்ரி ஆசிரியராகி, 1884-ல் முதல் பகுதி வந்து, 1928-ல்தான் முழுமையானது. மர்ரி அதைப் பார்க்க இல்லை, 1915-லேயே இறந்துவிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அது எழுத்தில் கிடைத்த மேற்கோள்களை ஆண்டு வாரியாக அடுக்கினார்கள். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்பிய மேற்கோள்கள் அவை. அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உங்களுக்கு அதில் வேண்டியது அந்த ஆண்டுகள்தான். நீங்கள் வாசிப்பது 1611 என்றால், 1750-க்குப் பிறகு தொடங்கும் பொருள்களை முதலிலேயே தள்ளிவிடலாம். பல கழிந்துவிடும்.

அடுத்தது, வாக்கியத்தின் அமைப்பு. ஹாம்லெட்டின் வரியில் 'லெட்' டுக்குப் பிறகு இன்னொரு வினை இல்லை. என்ன செய்ய அனுமதிப்பது என்றே அவன் சொல்லவில்லை. அந்த இடைவெளியே இது வேறு 'லெட்' என்று காட்டிக்கொடுக்கிறது. அப்புறம், பழைய ஆங்கிலத்தில், சட்ட வாசகங்களில் குறிப்பாக, ஒரே பொருளில் இரண்டு சொல் ஜோடியாக வரும் பழக்கம் அதிகம். 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்', 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' (உயில்), 'எய்ட் அண்ட் அபெட்' (குற்றத்துக்கு உடந்தையாயிருத்தல்). தெரியாத சொல்லுக்கு அகராதி அதன் பக்கத்திலேயே நிற்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முழுதாக வேண்டுமென்றால் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். 18-ஆம் நூற்றாண்டு உரைநடைக்கு சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி, இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்தந்தக் காலத்து ஆள் அந்தந்தக் காலத்துப் பொருளைச் சொல்வதால் பின்னாளில் சேர்ந்த பொருள்கள் உங்களைக் குழப்பாது. ஷேக்ஸ்பியருக்கு அடிக்குறிப்பு உள்ள பதிப்பு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

'தௌ' பற்றிக் கேட்டீர்கள். ஜெபத்தில் வருவதால் மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது 'நீ'. ஒருமை. 'யூ' முதலில் பன்மை மட்டும், பிரெஞ்சுப் பழக்கத்தைப் பார்த்து 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஒருவருக்கும் மரியாதைக்காகச் சொல்லத் தொடங்கினார்கள். கிங் ஜேம்ஸில் கடவுளும் 'தௌ', சாத்தானும் 'தௌ', ஒருவர் என்றால் அதுதான். ஊருக்குள் அப்படி இல்லை. 1603-ல் வால்டர் ராலேமீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், உன்னை 'தௌ' என்றே சொல்வேன், துரோகியே என்று வேண்டுமென்றே அவமதித்தார். நம் காதுக்கு இது விளக்கமே இல்லாமல் புரியும். தமிழில் நீயும் நீங்களும் உள்ளதால், ஷேக்ஸ்பியரில் இந்த மாற்றத்தை இன்றைய ஆங்கிலேயரைவிட நாம் சுலபமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஹாம்லெட் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சியை எடுத்துப் பாருங்கள். தாய் கெர்ட்ரூட், உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று 'தௌ' போட்டுத் தொடங்குகிறாள். அவள் சொல்லும் தந்தை, அவள் மறுமணம் செய்துகொண்ட அவனுடைய சித்தப்பா. அவன் அதே வாக்கியத்தைத் திருப்பி, அம்மா, என் தந்தையை நீங்கள்தான் புண்படுத்திவிட்டீர்கள் என்று 'யூ' போட்டுச் சொல்கிறான். அடுத்த வரியிலேயே அவளும் மகனை 'யூ' என்று கூப்பிடுகிறாள்.